கழுத்தில் தொங்கிய கணக்கு

1787இல் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவில், பாரிஸ் மலைச் செம்புச் சுரங்கக் கம்பனி தன் பெயரில் செம்புக்காசு அடித்தது. கூலி கொடுக்க அரசாங்கச் சில்லறை போதவில்லை. காசின் ஒருபக்கம் முக்காடிட்ட ட்ரூயிட் பூசாரியின் தலை. கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவோம் என்ற உறுதிமொழியும் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அதாவது, காசை வைத்திருந்த தொழிலாளிக்குக் கம்பனி கடன்பட்டது.

இலங்கையில் ஊவாக் கோப்பி மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கிய நாட்களில், வேகந்தையிலும் புதுக்கடையிலும் இருந்த கோப்பி ஆலைகளும் அப்படிச் சொந்தக் காசு வில்லைகளை வெளியிட்டன. அங்கே கொட்டை பொறுக்கித் தரம்பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியே அழிந்து தேயிலை வந்தது.

மலைத் தோட்டங்களில் நிலைமை தலைகீழ்; அங்கே கடன்பட்டவர் தொழிலாளி. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்று செக்றோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும். அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்தபின் கையில் மிஞ்சியது சொற்பம். கடன் முழுவதும் ஆள்கட்டிய கங்காணியின் கணக்கில் நின்றது. இவ்வளவு பணம் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த தாள்தான் 'துண்டு'. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். சுரங்கக் காசில் கம்பனியின் கடன் கைமாறியது. துண்டில் கைமாறியதோ தொழிலாளியின் கடன். கூடவே அவனும் அவன் குடும்பமும் கைமாறினார்கள். இதைவிடக் கொடிய நாணயமுறை எனக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு வந்தது. ஓட்டை போட்ட சின்ன வட்டத்தகடு. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும்போதே கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். வழியில் சோற்றுக்கும் கப்பலுக்கும் ரயிலுக்கும் காசு தேவையில்லை. தகட்டைக் காட்டினால் போதும். செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும், பிறகு அவன் கடனாகும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் முதல்நாள் நிற்கும்போதே அவன் கடன்காரன்.

1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கோப்பி ஆலை வில்லைகள் இன்று நாணயச் சேகரிப்பாளர் பட்டியல்களில் பத்திரமாக இருக்கின்றன. தகரச்சீட்டை யார் தேடுகிறார்கள்? பசறையிலோ லுணுகலையிலோ ஹாலிஎலயிலோ பாட்டியின் பெட்டியில் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழுத்தையும் எண்களையும் குறித்துப் படமெடுத்து வையுங்கள். உங்கள் பாட்டன் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பது அந்த எண்களில் இருக்கிறது.