கைப்பக்குவத்துக்குச் சாட்சி யார்?

திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார், நியூயார்க்கில் 'செம்ம' என்ற உணவகத்தின் தலைமைச் சமையல் கலைஞர். நம் ஊர்ப்புறத்து நத்தைப் பிரட்டலை அங்கே பரிமாறுகிறார். 2022-இல் அந்த உணவகத்துக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025-இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்டு விருது அவருக்கு வந்தது.

புதுச்சேரி அருகே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டுப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களிலும் ரிசார்ட்டுகளிலும் அடுப்படியில் நிற்கும் இளைஞர்களுக்கு இது தெம்பு தரும் சேதி. அமெரிக்கா போகும் ஆசையைக் காட்டியே 'திறமை விசா எடுத்துத் தருகிறோம், சில லட்சம் கட்டுங்கள்' என்று ஒருவர் வந்து நிற்கவும் கூடும். அவரிடம் பணம் கொடுக்கும் முன் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வழிகள்

முதலாவது ஓ-1 விசா. இது தற்காலிகமானது, முதல் முறை அதிகபட்சம் 3 ஆண்டுகள். அமெரிக்கக் குடிவரவு விதி 'கலை' எது என்று சொல்லும்போது, நுண்கலை, நிகழ்த்துகலை ஆகியவற்றோடு சமையல் கலையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதனால் சமையல்காரர் கலைஞராகவே விண்ணப்பத்தில் இடம்பெறலாம். ஆனால் அவரே மனுப்போட முடியாது. அமெரிக்காவில் உள்ள முதலாளியோ முகவரோதான் போட வேண்டும்.

இரண்டாவது இ.பி.-1ஏ. இது கிரீன் கார்டுக்கான வழி. முதலாளி தேவையில்லை, ஐ-140 படிவத்தில் நீங்களே மனுச் செய்யலாம். ஆனால் அளவுகோல் கடுமையானது. துறையின் உச்சத்தை எட்டிய மிகச் சிலரில் ஒருவர் என்று காட்ட வேண்டும். உலகம் அறிந்த பெரிய விருது ஒன்று இருந்தால் அதுவே சான்றாகும். இல்லையென்றால், விதியில் உள்ள 10 அளவுகோல்களில் குறைந்தது மூன்றையாவது நிறைவு செய்ய வேண்டும். மூன்றைத் தொட்டாலும் வேலை முடிந்துவிடாது. கசாரியன் வழக்கில் 2010-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அதிகாரி எல்லாச் சான்றுகளையும் சேர்த்து வைத்து மறுபடி எடைபோடுகிறார்.

இரண்டுக்கும் பட்டப்படிப்பு கட்டாயமில்லை. ஆனால் இ.பி.-1ஏ மனு ஏற்கப்பட்ட பிறகும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசை இருக்கிறது. அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா அறிவிப்பில் அந்த வரிசையின் நிலையை இலவசமாகப் பார்க்கலாம். 'ஆறே மாதத்தில் கிரீன் கார்டு' என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

எது சான்றாகும்?

மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி உங்கள் குழம்பை ருசி பார்க்கப் போவதில்லை. அவர் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. நம் சமையல்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பத்திரிகையில் ஓட்டலைப் பாராட்டி எழுதியிருந்தால் மட்டும் போதாது. உங்கள் பெயரும் உங்கள் வேலையும் அதில் இருக்க வேண்டும். முழுப் பக்கத்தையும், தேதியோடும் எழுதியவர் பெயரோடும் எடுத்து வையுங்கள். தமிழில் உள்ள எந்தச் சான்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இது முழுமையானது, சரியானது' என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் வேண்டும்.

கேட்டரிங் கல்லூரிப் போட்டிக்கு நடுவராகப் போனால் அழைப்புக் கடிதத்தையும், நடுவராக இருந்ததற்கான கடிதத்தையும் வாங்கி வையுங்கள். பிறர் வேலையை மதிப்பிட்டது இ.பி.-1ஏ விதியில் தனி அளவுகோல். பேர்பெற்ற உணவகத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்ததும் அப்படியே. 'நல்ல உழைப்பாளி' என்று எழுதிய அனுபவச் சான்று அதற்கு உதவாது. எந்த மெனுவை நீங்கள் உருவாக்கினீர்கள், எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், அதனால் உணவகத்துக்கு என்ன கிடைத்தது என்று கடிதம் சொல்ல வேண்டும்.

அதிகச் சம்பளமும் ஓர் அளவுகோல். கையில் ரொக்கமாக வாங்கும் சம்பளத்துக்குச் சாட்சி இல்லை. வங்கிக் கணக்கில் வாங்குங்கள். சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். பதிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

துறைக்கு நீங்கள் தந்த சொந்தப் பங்களிப்பையும் காட்டலாம். புதுச்சேரி வடகம் பிரெஞ்சுச் சமையலில் 'வடூவான்' என்ற மசாலாவாக இடம்பிடித்தது. அதை இடித்து உருட்டிக் காயவைத்த கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. உங்கள் வேலைக்கும் அந்தக் கதி வர வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்த பக்குவத்தை உங்கள் பெயரில் எழுதி வெளியிடுங்கள். அதை வேறு உணவகங்கள் எடுத்துக்கொண்டால் அதையும் பதிவு செய்யுங்கள்.

வீட்டில், ஊரில் கற்ற சமையலைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பிரேசில் நாட்டு இறைச்சிச் சமையல்காரர்களுக்காக ஃபோகோ டி சாவோ உணவக நிறுவனம் நடத்திய வழக்கில், பண்பாட்டின் வழியாக வந்த அறிவு என்பதற்காகவே அதை ஒரேயடியாகத் தள்ளக் கூடாது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அது எல்-1பி என்ற வேறொரு விசா பற்றிய வழக்கு. ஆனாலும் நம் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டியது.

குறுக்கு வழியில் காத்திருப்பவை

பணம் கட்டினால் விருது, பணம் கட்டினால் கட்டுரை, பணம் கட்டினால் நடுவர் பதவி என்று விற்பவர்கள் உண்டு. அவற்றை அதிகாரிகளும் அறிவார்கள். பொய்யான அனுபவச் சான்று கொடுத்து மாட்டினால், அமெரிக்காவுக்குள் நுழையவே வாழ்நாள் தடை விழலாம். 'ஏஜென்ட் எழுதியது, எனக்குத் தெரியாது' என்பது உங்களைக் காப்பாற்றாது, கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

உங்கள் உரிமைகள்

மனுப்போட்டதும் அமெரிக்கக் குடிவரவுத் துறை ரசீது எண் தரும்: மூன்று எழுத்து, பத்து இலக்கம். அதை வைத்து மனுவின் நிலையைத் துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். எண்ணைக் காட்ட மறுத்தால் மனுவே போடப்படவில்லை என்று சந்தேகியுங்கள். வழக்கறிஞர் என்பவரின் உரிமத்தை அவரது மாநில வழக்கறிஞர் மன்றத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். மனு நிராகரிக்கப்பட்டால் மனுச் செய்தவருக்கு மேல்முறையீடு உண்டு. அதற்குப் பொதுவாக 30 நாள் அவகாசம். கூடுதல் சான்றுகளோடு புதிதாகவும் மனுச் செய்யலாம்.

இ.பி.-3 என்ற இன்னொரு கிரீன் கார்டு வழியில் முதலாளி உங்களைச் சாதாரணச் சமையல்காரராக அழைத்தால், அதற்கான தொழிலாளர் சான்றிதழ்ச் செலவு முழுதும் அவருடையது. உங்களிடம் அதை வசூலிப்பது அந்நாட்டு விதிக்கு விரோதம்.

நம் நாட்டிலும் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருபவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் திரட்டிக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். சட்ட உதவிக்கு 15100.

பிள்ளைச்சாவடியிலிருந்து நியூயார்க் போகும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், ஒரு கோப்பு போட்டு வையுங்கள். உழைப்பு உங்களுடையது, அதன் பதிவும் உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்த ஓட்டலில் சம்பளம் பேசவும் அதே கோப்புதான் உதவும்.