பைபிள் செயலி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பைபிள் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் எந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது என்பதே. பிளே ஸ்டோரில் 'தமிழ் பைபிள்' என்று தேடினால், பெயரிலும் முகப்புப் படத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் செயலிகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பதும் ஒரே மொழிபெயர்ப்புதான். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி, 1871இல் முழுமையாக வெளிவந்த திருப்புதல் அது. இன்று 'பழைய திருப்புதல்', சுருக்கமாக ஓ.வி. என்று அறியப்படுகிறது. சி.எஸ்.ஐ., லூத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் மனப்பாட வசனங்களும் பிரசங்க மேற்கோள்களும் பெரும்பாலும் இந்த நடையில்தான் புழங்குகின்றன. ஆகவே ஆலயத்தில் கூடவே வாசிக்க ஒரு செயலி வேண்டும் என்பவருக்கு ஓ.வி. இல்லாத செயலி எத்தனை அழகாக இருந்தாலும் பயன்படாது.

தமிழில் தெரிவுக்குப் பஞ்சமில்லை. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். அதிலிருந்து முந்நூறு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு வேலை ஓயவில்லை. கத்தோலிக்கர் பயன்படுத்தும் 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. எளிய நடையில் ஈஸி டு ரீட் பதிப்பு இருக்கிறது. ஓ.வி.யின் சாயலை விடாமல் நடையை இன்றைய தமிழுக்கு நெருக்கிக் கொண்டுவரும் இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் 2019இல் வெளியானது. இந்தக் கடைசி மொழிபெயர்ப்பை மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்திருப்பதால், இலவசச் செயலிகள் பலவற்றுக்கும் அது எளிதாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் நிலைமை வேறு. 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு எங்கும் கிடைக்கும்; என்.ஐ.வி., இ.எஸ்.வி. போன்றவை பதிப்பாளரின் உரிமையில் இருப்பதால், அனுமதி பெற்ற செயலிகளில்தான் முறையாக இருக்கும்.

கத்தோலிக்க வாசகர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய பைபிளில் 73 புத்தகங்கள். புராட்டஸ்டண்ட் பைபிளில் 66. பொருளடக்கத்தைத் திறந்து தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக்கின் ஞானம் இருக்கின்றனவா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். முதல் புத்தகத்தின் பெயர் 'ஆதியாகமம்' என்றிருந்தால் அது பொது மொழிபெயர்ப்பு அல்ல, 'தொடக்கநூல்' என்றிருந்தால் பொது மொழிபெயர்ப்பு.

செயலி மாற்றுகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் இடத்தை என்.ஐ.வி.யில் திறந்தால், 36ஆம் வசனத்துக்கு அடுத்து 38 வரும். ஓ.வி.யிலும் கிங் ஜேம்ஸிலும் 37 இருக்கிறது. செயலியில் கோளாறு என்றோ, யாரோ வசனத்தை வெட்டிவிட்டார்கள் என்றோ வாட்ஸ்அப்பில் செய்தி பரவுவதற்கு இது போதும். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் இல்லை என்பதால் பிற்காலப் பதிப்புகள் அதை அடிக்குறிப்புக்குக் கொண்டுபோயின, காரணம் அவ்வளவுதான். நல்ல செயலியில் அந்த இடத்தில் சிறு குறியொன்று இருக்கும். தொட்டால் அடிக்குறிப்பு விரியும். அடிக்குறிப்புகளைக் கழற்றிவிட்டு வெறும் வசனங்களை மட்டும் ஏற்றியிருக்கும் செயலிகளில் வாசகருக்கு இந்த விளக்கம் கிடைக்க வழியில்லை. ஒரு செயலியை எடைபோட இதைவிட விரைவான சோதனை இல்லை.

மொழிபெயர்ப்பு முடிவானதும் அடுத்த கேள்வி: வாசிக்கவா, ஆராய்ந்து படிக்கவா? இரண்டையும் ஒரே செயலியில் தேடுவதால்தான் பலர் ஒன்றை நிறுவுவதும் நீக்குவதுமாக இருக்கிறார்கள்.

வாசிப்புக்கென்று உலகெங்கும் பரவியிருப்பது யூவெர்ஷன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த லைஃப் சர்ச் என்ற சபை, ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்த 2008 ஜூலையிலேயே இதையும் வெளியிட்டது. 2013இல் பதிவிறக்கம் 10 கோடியையும், 2021இல் 50 கோடியையும் எட்டியது. காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. நாள்தோறும் ஒரு வசனம், வாசிப்புத் திட்டம், ஒலி வடிவம் எல்லாம் உண்டு. மூலமொழி அகராதியையோ கனமான விளக்கவுரையையோ அதில் எதிர்பார்க்கக் கூடாது. அதற்காக அது செய்யப்படவும் இல்லை.

வாசிப்புத் திட்டம் செல்போனுக்கு முன்பே உள்ள ஏற்பாடு. ஸ்காட்லாந்தில் டண்டி நகரப் போதகர் ராபர்ட் மர்ரி மெக்ஷெய்ன் 1842இல் தன் சபைக்கு வகுத்துக்கொடுத்த அட்டவணை, பழைய ஏற்பாட்டை ஒரு முறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு முறையும் ஓராண்டில் முடிக்க வைப்பது; இன்றும் பல செயலிகளில் அது இருக்கிறது. 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு முறை வாசித்து முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் ஏராளம் என்பதால், விட்ட நாட்களை மறுபடி வகுத்துக்கொள்ள இடம் தரும் செயலியே வாசகருக்குத் தோது. தொடர்ந்து இத்தனை நாள் திறந்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதி முதல் மாதத்தில் உதவும். பிறகு அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே வசனங்களைத் தள்ளிக்கொண்டு போகும் பழக்கமும் அதனாலேயே வரும்.

தேடல் என்ற இடத்தில்தான் தமிழ் வாசகர் அதிகம் ஏமாறுகிறார். ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் கிடைப்பதுபோல் தமிழில் கிடைப்பதில்லை. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. 'விசுவாசம்' என்று முழுதாகத் தட்டினால், எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுத் தேடும் செயலியில் 'விசுவாசத்தினால்', 'விசுவாசத்தை' என வரும் வசனங்கள் அகப்படா. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முக்கியமான இடங்கள் பலவும் இப்படித் தவறிப்போகும். 'விசுவாச' என்று நிறுத்தித் தேடினால் எல்லாம் வரும். முழுச் சொல்லை மட்டும் தேடு என்ற அமைப்பு இருந்தால் அதை முதலில் அணைத்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பு மாறினால் தேடும் சொல்லும் மாறும்: ஓ.வி.யில் 'கர்த்தர்' என்று வருமிடத்தில் பொது மொழிபெயர்ப்பில் 'ஆண்டவர்' என்றிருக்கும். அங்கே 'விசுவாசம்' என்பதற்கு 'நம்பிக்கை' என்று தேட வேண்டும்.

இதோடு சேர்ந்த சிறு சோதனை ஒன்று: ஒரு வசனத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்க்கலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த உரையாக இருந்தால் அங்கே புரியாத எழுத்துகள்தான் வரும். கொம்பும் காலும் தனித்தனியாக விலகி நிற்கிற, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடைகிற செயலிகளை அப்போதே நீக்கிவிடலாம்.

ஆராய்ந்து படிப்பவர்களின் தேவை வேறு. இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும்; ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகர வேண்டும். எண்கள் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுபோல் இராது என்பதையும் செயலி அறிந்திருக்க வேண்டும். எபிரேய பைபிளில் மல்கியா 3 அதிகாரம், ஓ.வி.யில் 4, உரை ஒன்றுதான், பிரித்த இடம் வேறு. மூலமொழியை எட்டிப்பார்க்க உதவுவது ஸ்ட்ராங் எண்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய நூலில் ஒவ்வொரு எபிரேய, கிரேக்கச் சொல்லுக்கும் ஒரு எண் கொடுத்தார். செயலிகள் அந்த எண்ணை வசனத்தோடு இணைத்துவிட்டன. யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் கேள்வியைக் கிங் ஜேம்ஸில் வாசித்தால் மூன்றிலும் ஒரே ஆங்கிலச் சொல். எண்களைத் தொட்டால், முதல் இரண்டு முறை 25ஆம் எண்ணான அகப்பாவோ என்பதும், மூன்றாம் முறை 5368ஆம் எண்ணான பிலேயோ என்பதும் தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும். பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்ல யோவானே 3:35இல் முதல் சொல்லையும் 5:20இல் இரண்டாவதையும் பயன்படுத்துகிறார். அதனால் இந்த வேறுபாட்டில் பெரிய பொருள் இல்லை என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எண்ணைத் தட்டி அகராதியின் ஒரு வரியை வாசித்துவிட்டு 'மூலத்தில் இப்படி இருக்கிறது' என்று பிரசங்கம் செய்வது இந்தக் கருவியால் வந்த நோய்.

இலவச விளக்கவுரைகளிலும் ஒரு குறை உண்டு. மேத்யூ ஹென்றி, ஆடம் கிளார்க் போன்றோரின் உரைகள் காப்புரிமைக் காலம் கடந்தவை; அதனால்தான் இலவசம். பக்தி வாசிப்புக்கு அவை இன்றும் உகந்தவை. ஆனால் சவக்கடல் சுருள்கள் கண்டெடுக்கப்படத் தொடங்கியதே 1947இல்தான். அவர்களுக்கு அது தெரிய வழியில்லை. வரலாறு, பிரதி ஒப்பீடு பற்றிய கேள்விகளுக்குப் பின்னாளைய நூல்தான் வேண்டும். அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டில் ஆண்ட்பைபிள் என்ற திறமூலச் செயலி இந்த வேலைக்கு நல்ல தொடக்கம். விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. மொழிபெயர்ப்புகளையும் அகராதிகளையும் கிராஸ்வயர் என்ற தன்னார்வ அமைப்பின் தொகுப்பிலிருந்து வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். கணினியில் ரிக் மேயர்ஸ் 2000இல் தொடங்கிய ஈ-சுவோர்ட் விண்டோஸுக்கு இலவசம். கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் இணையதளம் மூலமொழி பயில்பவர்களுக்கு ஏற்றது, அதுவும் இலவசம். 1992இல் தொடங்கிய லோகோஸ் இவை எல்லாவற்றிலும் பெரியது. அடிப்படைச் செயலியை இலவசமாகக் கொடுத்து நூலகத்தை விலைக்கு விற்பது அதன் வழி. இறையியல் மாணவருக்கும் வாரந்தோறும் பிரசங்கம் தயாரிக்கும் போதகருக்கும் அந்தச் செலவு தகும். குடும்ப ஜெபத்தில் ஒரு அதிகாரம் வாசிக்கும் வீட்டுக்குத் தேவையில்லை.

எந்தச் செயலியானாலும் நிறுவியவுடன் ஏர்பிளேன் மோடில் போட்டு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. இணையம் இல்லாவிட்டால் வெறும் திரை காட்டும் செயலி, சிக்னல் எட்டாத ஊர்க் கோயிலில் கைவிட்டுவிடும். வசனத்துக்கு நடுவே விளம்பரம் வந்தால் வாசிப்பு கெட்டது. தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் ஒரு பைபிள் செயலி ஏன் கேட்க வேண்டும் என்பதையும் யோசித்தே அனுமதி கொடுக்க வேண்டும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு ஒலி வடிவம்தான் முக்கியம் என்றால் பைபிள்.ஈஸ் செயலியைப் பார்க்கலாம். இயந்திரக் குரலைவிட மனிதர் வாசித்த பதிவே தமிழுக்குக் காதில் ஒட்டும்.

கடைசியாகக் குறிப்புகள். அடிக்கோடும் ஓரக் குறிப்புமாக ஒருவர் பல வருடம் சேர்ப்பது செயலியைவிட மதிப்புள்ளது. அறிஞர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த பைபிள்வொர்க்ஸ் என்ற மென்பொருளே 2018இல் கடையை மூடியது. ஆகவே குறிப்புகளை வெளியே எடுத்துச் சேமிக்க வசதி இருக்கிறதா என்று அமைப்புகள் பகுதியில் முதல் நாளே பாருங்கள். அந்த வசதி இல்லாத செயலியில் வாசிக்கலாம், எழுதி வைக்க வேண்டாம்.