அழுது முடித்த பிறகுதான் இந்தப் படம் ஆரம்பிக்கிறது!

1988 ஏப்ரல் 16. ஜப்பான் தியேட்டர்களில் ‘ஸ்டுடியோ ஜிப்லி’ ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்களைத் திரையிட்டது. ஒன்று, ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டொட்டோரோ’. காட்டில் வசிக்கும் தொப்பைக்கார ஜீவன், பஸ்ஸாக ஓடும் பூனை, ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மா எப்போது வருவாள் என்று காத்திருக்கும் இரண்டு சிறுமிகள்... குழந்தைகள் இன்றும் கொண்டாடும் படம். இன்னொன்று, இசாவோ தகாஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. டொட்டோரோ பார்க்கலாம் என்று பிள்ளைகளைக் கூட்டி வந்த பெற்றோரின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

அனிமே ரசிகர்களிடம் ஓயாத பஞ்சாயத்து ஒன்று உண்டு. மனதை உலுக்கும் அனிமே உசத்தியா, மூளைக்கு வேலை வைக்கும் அனிமே உசத்தியா? ‘கோஸ்ட் இன் தி ஷெல்’, ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்செலியன்’ எல்லாம் மூளைக் கட்சி. ‘யுவர் லை இன் ஏப்ரல்’ மாதிரியானவை கண்ணீர்க் கட்சி. ‘ஃபயர்ஃப்ளைஸ்’ எந்தக் கட்சி என்று கேட்டால், யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். ‘ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியாத படம்’ என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய படமாயிற்றே!

ஆனால், அதை எடுத்தவர் முழுக்க முழுக்க மூளைக் கட்சிக்காரர் என்பதுதான் வேடிக்கை.

தகாஹாதா, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். ழாக் ப்ரெவெர் என்ற பிரெஞ்சுக் கவிஞரை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர். அனிமேஷன் இயக்குநர் என்றாலும், அவர் படம் வரையும் ஆளில்லை. வரைபவர்களை உட்கார வைத்து, ‘இந்தப் பாத்திரம் ஏன் இப்படித் திரும்புகிறது?’ என்று கேட்டுக்கேட்டே வேலை வாங்கியவர். கதாநாயகனோடு ரசிகன் ஒன்றிப்போய்த் தன்னை மறக்கக் கூடாது, ஓர் எட்டு தள்ளி நின்று அவனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் பல காலம் பேசியும் எழுதியும் வந்த கருத்து. மியாசாகி நம்மைப் பூனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பறப்பவர். தகாஹாதா, பஸ் எங்கே போகிறது என்று கேட்கச் சொல்பவர்.

அப்படிப்பட்டவர் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் உலகமே அழுகிறது.

பாசக் கதையை ‘இவர்கள் பிழைப்பார்களா?’ என்ற பதைப்பில் ஓட்டுவதுதான் சினிமா வழக்கம். தகாஹாதா அந்த வழியை முதல் காட்சியிலேயே அடைத்துவிடுகிறார். கோபே நகரின் சன்னோமியா ரயில் நிலையத்தில், 14 வயது செய்தா ஒரு தூணில் சாய்ந்தபடி உயிரை விடுகிறான். செப்டம்பர் 21, 1945 இரவு தான் இறந்துபோனதை அவன் குரலே சொல்கிறது. நான்கு வயதுத் தங்கை செட்சுகோ அதற்கு முன்பே போய்விட்டாள். முடிவு தெரிந்துவிட்டது. இனி என்ன நடந்தது என்பதல்ல, எப்படி நடந்தது என்பதைத்தான் பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்க்க, நமக்கு ஒரு துணையும் தருகிறார். செய்தாவின் ஆவி! சிவந்த வெளிச்சத்தில் நின்றபடி, தன் பழைய நாட்களைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது அது. அம்மாவின் கிமோனோக்கள் அரிசிக்காகக் கைமாறும்போது தங்கை கதறுகிறாள். அந்த அழுகையைக் கேட்கச் சகிக்காமல் காதைப் பொத்திக்கொள்கிறது. செத்த பிறகும் தன் தவறுகளை மறுபடி மறுபடி பார்க்க வேண்டிய பையன். அழுதுகொண்டிருப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

தவறா? அந்தப் பிஞ்சுகள் என்ன தவறு செய்தார்கள்?

சமையலறைக்கு வாருங்கள். குண்டுவீச்சில் அம்மாவும் வீடும் போன பிறகு, பிள்ளைகள் தூரத்து உறவான ஓர் அத்தை வீட்டில் ஒண்டுகிறார்கள். கிமோனோவுக்கு மாற்றாக வந்த அரிசியைப் பார்த்து முதலில் அத்தைக்கும் சந்தோஷம்தான். நாள் போகப்போக, கரண்டி பேச ஆரம்பிக்கிறது. வேலைக்குப் போகும் தன் மகளுக்கும் வீட்டில் தங்கியிருப்பவருக்கும் பானையின் அடியிலிருந்து கெட்டியாக எடுத்து ஊற்றுகிறாள். இந்த இரண்டு பேருக்கும் மேலாகத் தெளிந்த கஞ்சித் தண்ணி. நாட்டுக்காக உழைப்பவர்களும் சும்மா இருப்பவர்களும் ஒரே சாப்பாடு சாப்பிட முடியுமா என்பது அவள் வாதம். படம் பார்க்கும் எவருக்கும் அவள் மீது ஆத்திரம் வரும்.

ஆனால், தகாஹாதா இன்னொன்றையும் மறைக்காமல் காட்டுகிறார். செய்தா வேலைக்குப் போகவில்லை. தெருக்காரர்களோடு தீயணைக்கவும் போவதில்லை. அப்பா கடற்படை அதிகாரி. வங்கியில் அம்மா சேர்த்த 7,000 யென் இருக்கிறது. அத்தையின் குத்தல் பேச்சு பொறுக்காமல் தனி அடுப்பு, தனிச் சட்டி வாங்குகிறான். பிறகு தங்கையை அழைத்துக்கொண்டு குளக்கரையில் இருக்கும் பதுங்கு குழிக்குக் குடிபோகிறான். கேட்பாரில்லாத இரண்டு பேரின் சின்ன சொர்க்கம் அது. மின்மினிகளைப் பிடித்துக் கொசுவலைக்குள் விடுகிறார்கள். விடிந்ததும் செத்த மின்மினிகளுக்குக் குழி தோண்டுகிறாள் செட்சுகோ. அம்மா இறந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று செய்தாவுக்கு அப்போதுதான் புரிகிறது.

உணவு தீர்ந்து, ஒரு விவசாயியிடம் போய் நிற்கும்போது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்கிறார் அவர். செய்தா போகவில்லை. அந்த ஒரு மன்னிப்பு செட்சுகோவைக் காப்பாற்றியிருக்குமா? படம் பதில் சொல்வதில்லை.

சங்கடமான மனித உறவுகளிலிருந்து விலகி, தனக்கென ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும் செய்தா, எண்பதுகளின் ஜப்பானிய இளைஞர்களைப் போன்றவன் என்று பட வெளியீட்டின்போதே தகாஹாதா சொன்னார். காலம் மாறினால், செய்தாவைவிட அத்தையின் பக்கம் பேசுகிறவர்கள் கூடிவிடும் நாளும் வரலாம் என்றும், அதை நினைத்தாலே நடுங்குகிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த நாள் வந்தேவிட்டது. ஜப்பானில் இந்தப் படம் டி.வி-யில் ஒளிபரப்பாகும் நேரங்களில், ‘அத்தை சொன்னதில் என்ன தப்பு? உழைக்காதவனுக்கு ஏன் சோறு?’ என்று வாதாடுபவர்கள் இப்போது நிறைய. 2005-ல், இதே கதையை அத்தை குடும்பத்தின் பார்வையில் ஒரு டி.வி படமாகவே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால், அழுகிறவர்களைவிட இவர்கள் தேவலையா? அதுவும் இல்லை. அத்தையின் கணக்கு சரிதான் என்று தலையாட்டுபவர் மூளையை மட்டும் வைத்துப் பார்க்கிறார். நான்கு வயதுக் குழந்தை மண்ணை உருட்டி, சோற்று உருண்டை என்று அண்ணனுக்கு நீட்டும் காட்சி அவருக்குள் இறங்கவில்லை. வெறுமனே அழுதுவிட்டு எழுந்து போகிறவரோ, அந்தக் குழந்தையை அங்கே கொண்டுவந்து நிறுத்திய ஒவ்வொரு படியையும் தவறவிடுகிறார். செட்சுகோவுக்காக அழாதவருக்குக் கரண்டிக் கணக்கு வெறும் கணக்காகவே நின்றுவிடும்.

தகாஹாதாவின் கோபம் இன்னும் ஒரு படி மேலே. தன் படத்தைப் ‘போர் எதிர்ப்புப் படம்’ என்று பாராட்டுவதை அவர் ஏற்கவில்லை. மக்கள் பட்ட கொடுமையைக் காட்டி அழ வைப்பதால் அடுத்த போர் நிற்காது. இப்படி ஒரு கொடுமை மறுபடி வராமலிருக்கத்தான் ஆயுதம் எடுக்கிறோம் என்று சொல்லித்தான் போரைத் தொடங்குவார்கள் என்றார். அவருக்கு இதைச் சொல்லத் தகுதி உண்டு. 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரம் குண்டுமழையில் எரிந்தபோது, அக்காவோடு தெருத்தெருவாக ஓடித் தப்பிய ஒன்பது வயதுச் சிறுவன் அவர்.

மூலக்கதை எழுதிய அகியுகி நொசாகாவின் பாடு வேறு. போர்க்காலத்தில் அவருடைய தங்கையும் பசியால்தான் இறந்தாள். செய்தா அளவுக்குத் தான் நல்ல அண்ணனாக இருக்கவில்லை, அவளுக்கான உணவையும் தானே தின்றேன் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர் அவர். 1967-ல் வெளிவந்து நவோகி விருது பெற்ற அந்தக் கதை, தங்கையிடம் அவர் கேட்ட மன்னிப்பு. கதையில் வரும் அண்ணனின் பாசம், நிஜத்தில் கொடுக்க முடியாமல்போன பாசம் என்று தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால், அந்த ஆவி ஏன் காதைப் பொத்துகிறது என்பது இன்னும் உறைக்கும்.

கொசுறாக ஒரு தகவல். இந்தப் படத்தில் வரும் போர்க்கப்பலை வரைந்தவர், ஹிதேயாகி அன்னோ. ஜன்னல், ஏணி என்று ஒன்று விடாமல் இழைத்து இழைத்து வரைந்தாராம். திரையில் பார்த்தால் கப்பல் வெறும் கறுப்பு நிழல்! ‘எந்தக் கட்சி’ விவாதத்தில் முதலில் அடிபடும் ‘இவாஞ்செலியன்’ தொடரை 1995-ல் இயக்கியவர் இவரேதான்.

‘ஃபயர்ஃப்ளைஸ்’ 2024 செப்டம்பர் முதல் நெட்ஃப்ளிக்ஸில் இருக்கிறது. கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு டொட்டோரோ போதும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். முடிந்ததும் உடனே டி.வி-யை அணைத்துவிடாமல், கடைசிக் காட்சியை நிறுத்தி வையுங்கள். அண்ணனும் தங்கையும் ஆவிகளாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கீழே விளக்குகள் மின்னும் இன்றைய கோபே நகரம் விரிகிறது. அந்த இடத்தில், ‘அந்த அத்தை வீட்டில் நாம் இருந்திருந்தால், கரண்டியை எங்கேயிருந்து எடுத்திருப்போம்?’ என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.