கேலியாகிப்போன பெயர்: வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு, மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு

என்னோடு ஏழாம் வகுப்பில் படித்தவனுக்கு அமாவாசை என்று பெயர். அமாவாசையன்று பிறந்தவன், அதனால் அந்தப் பெயர். முன்னோருக்குப் படைக்கும் நாள், நல்ல காரியம் தொடங்கும் நாள் என்று அவன் வீட்டில் ஆசையாக வைத்தது. 1994-ல் ‘அமைதிப்படை’ வெளிவந்தது. அதில் சத்யராஜ் ஏற்ற வில்லன் பாத்திரத்துக்கும் அமாவாசை என்றே பெயர். படம் ஊர்க் கொட்டகைக்கு வந்த மறுவாரத்திலிருந்து வருகைப் பதிவேடு வாசிக்கும் நேரம் அவனுக்கு நரகமாகிவிட்டது. பெயரைக் கூப்பிட்டதும் பின் பெஞ்சிலிருந்து படத்து வசனம் வரும், வகுப்பே சிரிக்கும், வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். அவன் தலையைத் தூக்காமலே “உள்ளேன் ஐயா” என்பான். நானும் சிரித்தவன்தான். இன்றுவரை அது உறுத்துகிறது.

பெயர் அப்படியேதான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறியது. நல்லெண்ணத்தோடு வைத்த ஒரு பெயர் பின்னாளில் கேலிக்கோ அச்சத்துக்கோ உரியதாகிவிட்டால் என்ன செய்யலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

அன்பில் பிறந்த பெயர்கள்

பிச்சை, குப்பன், குப்பாயி, மூக்கன், மூக்காயி. இன்று இவற்றைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், தங்கிய ஒரு குழந்தையைக் காப்பாற்ற வைத்த பெயர்கள் இவை. குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்தால் எமன் இது வேண்டாத பிள்ளை என்று விட்டுவிடுவான் என்று நம்பினார்கள், அதனால் குப்பன். சாமியிடம் மடியேந்தி வாங்கிய பிள்ளை என்பதால் பிச்சை. மூக்குக் குத்தி வளர்த்ததால் மூக்கன். தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவதும் இதே நம்பிக்கைதான். “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று இன்றும் பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

நாளடைவில் அந்தக் காரணம் மறந்தது, சொல் மட்டும் மிஞ்சியது. ‘குப்பனும் சுப்பனும்’ என்றால் மதிப்பில்லாதவர்கள் என்றாயிற்று. மயிலாப்பூரில் கோயில் கொண்ட ஈசனின் பெயரான கபாலியைச் சினிமா அடியாள் பெயராக்கியது. 2016-ல் அதே சினிமா அதை நாயகன் பெயராகவும் ஆக்கியது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமேசான் 2014-ல் தன் பேசும் கருவிக்கு அலெக்ஸா என்று பெயரிட்டது. அமெரிக்காவில் 2015-ல் பிறந்த பெண் குழந்தைகளில் 6,000 பேருக்கு மேல் அந்தப் பெயர் இருந்தது. 2020-ல் அது 1,300-க்கும் கீழே போய்விட்டது. எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸின் பெயரை ஒரு பயங்கரவாத அமைப்பின் சுருக்கப்பெயர் விழுங்கிவிட்டது. அந்தப் பெயருடைய பெண்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்தவர்கள் அல்லர்.

வைக்கும்போதே காயப்படுத்தும் பெயர்களும் உண்டு. பெண் குழந்தை போதும் என்பதற்காகப் போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் சில ஊர்களில் இருந்தது. மராட்டியத்தில் ‘வேண்டாதவள்’ என்ற பொருளில் நகுஷா என்று வைத்தார்கள். 2011 அக்டோபரில் சாதாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து, அப்படிப் பெயர் சுமந்த 285 சிறுமிகளுக்குப் புதுப்பெயர் சூட்டியது. பெயரால் வரும் வலிக்கு அரசும் பொறுப்பேற்கலாம் என்று காட்டிய நிகழ்வு அது.

சட்டம் தரும் உரிமை

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. அதன் 7-ஆம் பிரிவு பெயர் பெறும் உரிமையையும், 8-ஆம் பிரிவு பெயர் உள்ளிட்ட அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் குழந்தைக்குத் தருகின்றன.

2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. சான்றிதழ் வழக்கில் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. பெயர் ஒருவருடைய அடையாளத்தின் பகுதி, அதன் மீதான கட்டுப்பாடு அவரிடமே இருக்க வேண்டும், உரிய ஆவணங்களோடு கேட்பவருக்குப் பெயர் மாற்றத்தை அடியோடு மறுக்க முடியாது என்பது அதன் சாரம். அதே சமயம், அரசிதழ் அறிவிப்பு போன்ற நியாயமான நிபந்தனைகளை விதிக்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது.

பள்ளியில் நடக்கும் கேலிக்கும் சட்டத்தில் பதில் உண்டு. கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி ஆசிரியரே வகுப்பைச் சிரிக்க வைத்தால், அதை ‘சும்மா விளையாட்டு’ என்று தள்ளிவிட முடியாது. முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ அழையுங்கள். பெயரைச் சாக்கிட்டுப் பட்டியலின, பழங்குடியின மக்களைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

அமாவாசை பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனியில் வேறொரு பெயர் சொல்லிச் சேர்ந்தான். அந்தப் பெயரிலேயே எல்லோருக்கும் பழக்கமானான். வருங்கால வைப்பு நிதியும் அந்தப் பெயரில்தான் பிடித்தம் ஆனது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பழைய பெயர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பித்தபோது பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் திருத்த வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் அலைந்தான். பணம் கைக்கு வந்தபோது கட்டணம் கட்டும் நாள் போய்விட்டது. வட்டிக்கு வாங்கித்தான் கட்டினான்.

பெயர் மாற்றம் தவறல்ல. பாதி மாற்றம்தான் ஆபத்து. ஊருக்கு ஒரு பெயர், ஆவணத்துக்கு ஒரு பெயர் என்று வாழ்ந்தால் காப்பீடு, ஓய்வூதியம், பத்திரப்பதிவு, வாரிசுச் சான்றிதழ் என எங்கே வேண்டுமானாலும் இடிக்கும். இறந்த பிறகு அந்தச் சுமை பிள்ளைகள் தலையில் விழும்.

மாற்ற விரும்பினால்

1. தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையிடம் விண்ணப்பித்துத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடலாம். துறையின் தலைமை அலுவலகம் சென்னை, 110 அண்ணா சாலையில் இருக்கிறது. படிவமும் அப்போதைய கட்டணமும் துறையின் இணையதளத்தில் உள்ளன. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும்.

2. வயது, முகவரிச் சான்றுகளையும் சான்றொப்பம் பெற்ற புகைப்படத்தையும் இணைக்க வேண்டும். புதுப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். அரசிதழில் ஏறிய எழுத்துதான் இனி எல்லா ஆவணத்துக்கும் அளவுகோல்.

3. அரசிதழ் கைக்கு வந்ததும் முதலில் ஆதாரை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். அடுத்து வங்கிக் கணக்கு, பான் அட்டை, வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பி.எஃப். என்று வரிசையாக முடியுங்கள்.

4. பழைய சான்றிதழ்களைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றோடு அரசிதழ் நகலையும் சேர்த்துக் காட்டினால்தான் இருவரும் ஒருவரே என்று நிரூபணம் ஆகும். அரசிதழின் சில பிரதிகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

5. பிள்ளையின் பெயரை மாற்றுவதென்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போகுமுன் முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு அலைச்சல் பல மடங்காகும்.

இடைத்தரகர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறாதீர்கள். நீங்களே நிரப்பக்கூடிய படிவம்தான் அது. சட்ட உதவி தேவைப்பட்டால் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடியின மக்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

பெயர் வைக்கப்போகிறவர்களுக்கு

பிறப்பைப் பதிந்தபின் பெயரைச் சேர்க்க அவகாசம் இருக்கிறது. 12 மாதங்களுக்குள் கட்டணமில்லை; அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பதிந்துவிட்டால் பிழை திருத்தம்தான் எளிது, முழுப் பெயரையும் மாற்றுவது எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். 2020-ல் சத்தீஸ்கரின் ராய்ப்பூரில் பிறந்த இரட்டையர்களுக்குக் கொரோனா, கோவிட் என்று பெயரிட்டது செய்தியானது. செய்தி ஒரு நாளில் மறைந்துவிடும், பெயரோடு பிள்ளைதான் வாழ வேண்டும்.

மாற்றாமல் இருப்பதும் உரிமையே

பாட்டியின் நினைவாக வைத்த பிச்சையம்மாள் என்ற பெயரைப் பெருமையோடு சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் “மாற்றிக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்பதும் ஒரு வகை அவமதிப்பே. மாற்றலாமா வேண்டாமா என்பதைப் பெயருக்கு உரியவர் தீர்மானிக்கட்டும். கேலி செய்கிறவர் தீர்மானிக்கும்படி விடக் கூடாது.

ஆசிரியர்களுக்கும் அலுவலகங்களில் பெயர் கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலில் எந்தப் பெயர் வந்தாலும் மற்றப் பெயர்களைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுங்கள். யாராவது சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அன்று எங்கள் வாத்தியார் சிரிக்காமல் இருந்திருந்தால், அமாவாசை தன் பெயரை ஒளித்துக்கொண்டு திருப்பூருக்குப் போயிருக்க மாட்டான்.