காற்றைக் குளிர்விக்கும் நீரும் நீரில் ஒளியும் காற்றும்

சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். இருபது முறை அழுத்தியபின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடுகிறது. உராய்வு அதற்கு ஒரு சிறு காரணமே. காற்றை நெருக்குவதற்கு நாம் செலவிடும் உழைப்பு அக்காற்றிலேயே வெப்பமாகத் தங்கிவிடுவதுதான் முதன்மையான காரணம். இந்த எளிய உண்மை, ஆற்றல் மிக்க மோட்டார் கார்களை அமைப்போருக்குப் பெருந்தொல்லையாக வந்து வாய்த்தது.

ஓர் எஞ்சினுக்குப் பெட்ரோலை வேண்டுமளவு ஊட்டிவிடலாம். அதை எரிக்கப் போதிய காற்றை ஊட்டுவதுதான் கடினம். ஆகவே, காற்றை நெருக்கிச் சிலிண்டர்களுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜர் என்னும் கருவியைப் பூட்டினார்கள். 1921-ஆம் ஆண்டிலேயே பெர்லின் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் நிறுவனம் இத்தகைய கார்களை வைத்தது. ஆயினும், நெருக்கிய காற்று சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்வது போலத்தான். அதனினும் கேடானது ஒன்றுண்டு. மிகச் சூடான கலவை, தீப்பொறியின் சுடர் தன்னை வந்தடையுமுன் தானாகவே வெடித்தெரியும். சுத்தியல் தட்டுவது போன்ற ஒலி எழும். அது தொடர்ந்தால் பிஸ்டன்கள் உடைந்துபோகும்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் போர்டு நிறுவனம் 2003, 2004 ஆண்டுகளின் மாதிரியாக வெளியிட்ட மஸ்டாங் கோப்ரா, 4.6 லிட்டர் கொள்ளளவும் 8 சிலிண்டர்களும் உடையது. ஆற்றல் 390 குதிரைத்திறன். அதன் சூப்பர்சார்ஜர் வாயுமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு அழுத்தம் தருகிறது. 30 பாகை சென்டிகிரேடில் உட்புகும் காற்று, குறையே இல்லாத கருவியில் நெருக்கப்பட்டாலும் 70 பாகையை எட்டும். நடைமுறைக் கருவியிலோ நீரின் கொதிநிலைக்கு அருகே சென்றுவிடும். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கல்லூரி மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

இந்தச் சூட்டைத் தணிக்க, சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே இண்டர்கூலர் இருக்கிறது. நெருக்கிய காற்று அதன் தகடுகளின் ஊடே செல்ல, உள்ளே ஓடும் நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை சூடேறுவதற்குள் ஏற்கும் வெப்பத்தை ஏற்க 3,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்று வேண்டும் என்றால், நீரைத் தேர்ந்ததன் நுட்பம் விளங்கும். சூடான நீரை ஒரு சிறு மின்சாரப் பம்பு காரின் முகப்புக்குத் தள்ளுகிறது. அங்கே எதிர்க்காற்றில் வெப்பத்தை விடுவதே வெப்பமாற்றி. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரே இதற்கும் போதாதா என்று கேட்கலாம். அந்த நீரே 90 பாகையளவில் இருப்பது. அதைக் கொண்டு எதைக் குளிர்விப்பது? ஆதலால் இது தனிச்சுற்று. (1942-இல் ஸ்பிட்பயர் விமானத்தில் ஏறிய மெர்லின் எஞ்சினிலும் நெருக்கிய காற்றைத் திரவத்தால் குளிர்வித்தார்கள்.)

இத்தகைய கார்களை வைத்திருப்போர் பழைய வெப்பமாற்றியைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்துவது வழக்கம். பொருத்துவதில் பெரிய வித்தை ஏதுமில்லை. எஞ்சின் நன்கு ஆறியபின், முகப்பைக் கழற்றி, பழைய நீரை வடித்து, ரேடியேட்டருக்கு முன்னே சிறிது இடைவெளிவிட்டு, அதிர்ச்சி தாங்கும் ரப்பர் வளையங்களுடன் புதியதை முடுக்கவேண்டும். ரப்பர் குழாய்கள் மடங்காமலும், நடுவே மேடு கட்டாமலும் செல்லவேண்டும். கூடுமானால் நீர் கீழ்வாயிலில் புகுந்து மேல்வாயிலில் வெளியேறட்டும். அப்போது குமிழிகள் ஓட்டத்தோடு தாமே மேலெழும். வடித்த திரவத்தைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தல் ஆகாது. அதில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும், சமயத்தில் குழந்தைகளும், அதைப் பருகிவிடக்கூடும்.

வித்தையெல்லாம் இதற்குப் பின்தான். வெறுமையான குழாய்களில் நீரை ஊற்றினால், உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. மேடான இடங்களில் குமிழிகளாகப் பதுங்குகிறது. பம்போ தன் சுழலிதழ்களால் நீரை வீசித் தள்ளுவது. இதழ்களிடையே காற்று நிறைந்தால், எடை மிகக் குறைந்த அதை அவற்றால் வீசித் தள்ள முடியாது. பம்பு ரீங்காரமிடும், நீர் அசையாது. ஓட்டுபவருக்கு இது தெரியவும் தெரியாது. அவர் கண்முன் உள்ள வெப்பமானி எஞ்சின் நீரைத்தான் காட்டும். இச்சுற்றின் நிலையைக் காட்டாது. பெரிய வெப்பமாற்றிக்குப் பணம் செலவிட்டும் கார் முன்னிலும் சோர்ந்து ஓடுவதற்கு இப்படியொரு குமிழி காரணமாகலாம்.

காற்றை வெளியேற்றும் முறை இது. நீர் ஊற்றும் வாயே சுற்றின் மிக உயர்ந்த இடமாகும்படி காரின் முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளின் மேல் நிறுத்தவேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே குனிதல் கூடாது. காய்ச்சி வடித்த நீரும் கிளைக்காலும் கலந்த திரவத்தை மெல்ல ஊற்றவேண்டும். அவசரமாக ஊற்றினால் அதுவே நுரைத்துப் புதுக் குமிழிகளை உண்டாக்கும். பிறகு எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்டவேண்டும். குமிழிகள் வரும், மட்டம் தாழும், மீண்டும் ஊற்றவேண்டும். சற்று நிறுத்தி ஓய்வு கொடுத்தால், சிதறிய குமிழிகள் ஒன்றுகூடி மேலேறும். குழாய்களைக் கையால் பிசைந்துவிடுவதும் உதவும். பொறுமையில்லாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: முதலிலேயே சுற்றிலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால், திரவம் தானே பாய்ந்து நிரம்பும். கருவி கையில் இருந்தால் இதுவே மேலான வழி என்பது என் கருத்து.

நீர் ஓடுவதை எவ்வாறு அறிவது? வாயின் உட்புறம் திரவம் கலங்கிப் புரள்வது கண்ணுக்குத் தெரியும். காரைச் சிறிது தூரம் ஓட்டிவந்து எஞ்சினை நிறுத்தியபின், வெப்பமாற்றிக்குள் செல்லும் குழாய் சூடாகவும் திரும்பும் குழாய் அதனினும் குளிர்ந்தும் இருந்தால் சுற்று சரியாக இயங்குகிறது. அருகிலுள்ள எஞ்சின் ரேடியேட்டரின் மூடியை அந்நேரம் தவறியும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் சீறும். மறுநாள் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தை மீண்டும் பார்த்துக் குறைந்ததை நிரப்பவேண்டும். மட்டம் தாழாமல் நிலைத்தபின், கழற்றிய முகப்பைத் திரும்பப் பூட்டலாம்.