உடனிருப்பவருக்கு ஒரு துணை

ஹைதராபாத் லக்டிகாபுல்லை அடுத்த ரெட் ஹில்ஸ் பகுதியில் 1955 முதல் இயங்கிவருகிறது மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு ஓராண்டு இளையது. ஆதிலாபாத், கம்மம், மகபூப்நகர் போன்ற தொலைவான மாவட்டங்களிலிருந்து இங்கு வரும் நோயாளியுடன் மனைவியோ மகளோ தம்பியோ வருகிறார். நோயாளிக்குக் கட்டில் உண்டு, கோப்பு உண்டு. உடன் வந்தவருக்கு இரண்டும் இல்லை. அன்றைய கூலியும் இல்லை. அவரை அமரவைத்துப் பேசுபவர்தான் மருத்துவ சமூகப் பணியாளர்.

வீட்டில் சம்பாதிப்பவர் யார், இரவில் நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பவர் யார், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, நீங்கள் உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை உட்கொண்டீர்களா என அவர் கேட்பார். இப்பணி வெறும் ஆறுதல் மொழி என எண்ணுவோர் உண்டு. பெரும்பகுதி விண்ணப்பமும் கணக்குவழக்குமே. எங்கள் தொழிலுக்கு அண்டை வீடு என்றுகூடச் சொல்லலாம். தெலங்கானாவின் ஆரோக்யஸ்ரீ திட்டத்தில் உச்சவரம்பு 2023 டிசம்பரில் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. இவற்றுக்குரிய சான்றிதழ்களைப் பெற வழிகாட்டுவதும் சமூகப் பணியாளரே. ஆனால் உடனிருப்பவர் இழந்த கூலியை எந்தச் சிகிச்சைத் திட்டமும் ஈடுசெய்வதில்லை. அதனால்தான் உறவினர்கள் முறைவைத்து வருமாறு ஏற்பாடு செய்யவும் அவர் முனைகிறார்.

இவற்றினும் கடினமான பணி ஒன்றுண்டு. நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பது வழக்கம். அன்பினால்தான் மறைக்கிறோம். எனினும் அந்த இரகசியத்தை இரவும் பகலும் சுமப்பவர் அருகிலிருக்கும் மனைவி அல்லது மகள். பெரும்பாலும் நோயாளியும் உண்மையை ஊகித்துவிட்டு, அவர் பங்குக்கு மௌனம் காக்கிறார். சமூகப் பணியாளர் உண்மையைப் போட்டு உடைப்பதில்லை. நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என முதலில் கேட்டறிந்து, பின்னர் இருவரையும் ஒன்றாக அமரவைக்கிறார். நோய்த்தணிப்பு மருத்துவத்தின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராகும் முன் லண்டனில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்த மௌனத்தின் விலையை வங்கிக் கிளைகளில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கணவரின் சேமிப்பு அவர் பெயரில் மட்டும் இருக்கும்; மருந்துக்கு மனைவி கடன் வாங்கிக்கொண்டிருப்பார். நியமனதாரர் என்றால் பணம் எடுக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். கணக்குதாரர் உயிருடன் உள்ளவரை நியமனதாரருக்கு அவ்வுரிமை இல்லை. இருவரில் எவரேனும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக உரிய காலத்தில் மாற்றியிருந்தால் இந்த இடர் இராது. ஆனால் நோயைப் பற்றியே பேசாத வீட்டில் கணக்கைப் பற்றி யார் பேச்செடுப்பது? மருத்துவமனையில் அப்பேச்சு தொடங்கிவிட்டால் வங்கியில் எங்கள் வேலை எளிது.

காலம் கடந்துவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. கையெழுத்திட இயலாத நோயாளி பணம் எடுக்க, ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி கைவிரல் அல்லது கால்விரல் ரேகை போதும். அதுவும் இயலாதெனில் ஒரு குறி இடலாம். வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். பணத்தைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பதையும் வாடிக்கையாளர் தெரிவிக்க வேண்டும். நோயாளி கிளைக்கு வர இயலாத நிலையில் இருந்தால், உடனிருப்பவர் பாஸ் புத்தகத்துடனும் மருத்துவச் சான்றுடனும் கிளை மேலாளரை நேரில் சந்தித்து விவரம் கூறலாம்.