உங்களுக்குத் தெரியுமா? நாய்க்குட்டிக்கு ஒரு ஊசி போதாது
குட்டிகளை ரத்தக் கழிச்சலில் வாரிக்கொண்டு போகும் பார்வோ வைரஸ் 1978-ல்தான் உலகுக்குத் தெரியவந்தது. 1982-லேயே சென்னையில் பதிவாகிவிட்டது. பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டுக் கொட்டகையிலும் அரியலூர்த் திண்ணையிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஊசிதான் போட்டாச்சே, அப்புறமும் எப்படி?" பெரும்பாலும் முதல் ஊசியோடு நிறுத்தியதுதான் காரணம். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச்சக்தி குட்டியைக் காக்கும்போதே தடுப்பூசியையும் முடக்கிவிடுகிறது. அந்த எதிர்ப்புச்சக்தி எந்த வாரம் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள்.

நாட்டு நாய் தெருவில் தானாக வளரவில்லையா என்பார்கள். வளர்ந்தவை கண்ணில் படுகின்றன; குப்பைமேட்டில் செத்த குட்டிகளை யார் எண்ணினார்கள்? வெளியே விடுவதே இல்லை என்பதும் செல்லாது. செருப்பில் ஒட்டிவரும் மண்ணே போதும். நிழலான ஈரமண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது. மலத்தை வழித்துக் கழுவிய சிமென்ட் தரையில், ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டால் சாகும். மண்தரையில் அதுவும் முழுதாக எடுபடாது. அங்கே அடுத்த குட்டியை ஊசிச் சுற்று முடித்த பிறகே கொண்டுவர வேண்டும்.